ஓ3 போட்டா கெர்னல் ஏன் விழுது? தேவகோட்டை தம்பிக்கு ஒரு நீள பதில்

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். தேவகோட்டைல வீட்ல கிடந்த பழைய டெஸ்க்டாப்ல லினக்ஸ் கெர்னலை (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) தானே பில்ட் பண்ணிருக்காரு. மேக்ஃபைல்ல (எப்படி பில்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) மைனஸ் ஓ2ன்னு இருந்தத ஓ3ன்னு மாத்தி (கோடை எவ்வளவு வேகப்படுத்தணும்னு கம்பைலருக்குச் சொல்ற அளவு அது), கூடவே இந்த சிபியுவுக்குன்னே கோட் போடச் சொல்ற மார்ச்-நேட்டிவ்வும் சேத்து. வேகமா ஓடும்னு ஆசை. ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடிச்சு, அதுக்கப்புறம் நாளைக்கு ஒரு தடவையாவது மெஷின் அப்படியே உறைஞ்சு போகுது, சில நேரம் ஊப்ஸ் (கெர்னல் தப்புல மாட்டினா அடிக்கற எரர் மெசேஜ்) வருது, வர்ற ஊப்ஸும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்துல. ஓ2வுக்கு திரும்பினா நாலு நாளா ஒண்ணும் ஆகல. "அப்ப கம்பைலர்தானே அண்ணே தப்பா கோட் போடுது? என் ஃப்ரெண்டு வேற, அந்த நோ-ன்னு ஆரம்பிக்கிற ஃப்ளாக் எல்லாம் சும்மா பிரேக் மாதிரி, அதையும் தூக்கிட்டா இன்னும் பறக்கும்ங்கறான்."

ஃப்ரெண்டு சொல்றத காதுலயே வாங்காத தம்பி, அது ஏன்னு கீழ வர்றேன். முதல்ல உன் கேள்வி. ஓ2ல ஓடுது ஓ3ல விழுது, இத மட்டும் வச்சுக்கிட்டு கம்பைலர் மேல பழி போட முடியாது. இருபது தடவை இப்படி ஆச்சுன்னா அதுல பத்தொம்பது தடவை கோட்லயே ஏற்கெனவே ஒரு ஓட்டை இருந்திருக்கும், ஓ2 அதுக்கு மேல நடக்காம சுத்திப் போயிருக்கும், ஓ3 நேரா கால வச்சிருக்கும் (இது என் அனுபவக் கணக்குதான், யாரும் எண்ணிப் பாத்ததில்ல). மிச்சம் ஒரு தடவை நிஜமாவே கம்பைலர் தப்பு. அந்த ஒரு தடவையும் நான் பட்டிருக்கேன், அந்தக் கதையும் இருக்கு.

கம்பைலர் எப்படி யோசிக்குதுன்னு புரிஞ்சா பாதி விளங்கிடும். சி ஸ்டாண்டர்டுல சில விஷயங்களுக்கு "இப்படிப் பண்ணா என்ன ஆகும்னு நாங்க சொல்ல மாட்டோம்"னு எழுதி வச்சிருக்காங்க. நல் பாய்ன்டரை (எதையும் காட்டாத வெறும் மெமரி அட்ரஸ்) தொடுறது, சைன்டு இன்டிஜர் (மைனஸும் வரக்கூடிய முழு எண்) நிரம்பி வழியறது, ஒரே மெமரிய ரெண்டு வேற வேற டைப்பா படிக்கிறது, இந்த மாதிரி. இதெல்லாம் புரோகிராமர் பண்ணவே மாட்டான்னு நம்பித்தான் கம்பைலர் கோடை சுருக்குது. வீட்டுக்குள்ள நுழைஞ்சு முகப்பத் தாண்டி வளவு வரைக்கும் போயிட்டு அங்க நின்னுக்கிட்டு "வாசக்கதவு பூட்டியிருக்கா"ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க, நீதான் உள்ள வந்துட்டியே, அப்ப பூட்டியிருக்க வாய்ப்பே இல்லைன்னு சொல்லுவாங்கல்ல, அந்த லாஜிக்தான்.

2009ல லினக்ஸ் கெர்னல்ல அச்சு அசலா இதுதான் நடந்துச்சு. டன் டிரைவர்னு ஒண்ணு இருக்கு, விபிஎன்லாம் அதத்தான் யூஸ் பண்ணும். அதோட போல் ஃபங்ஷன்ல முதல் வரிலயே டன் பாய்ன்டருக்குள்ள போய் ஒரு மெம்பரை எடுத்துட்டாங்க, அதுக்குக் கீழ "டன் நல்-ஆ (வெறுமையா) இருந்தா எரர் திருப்பு"ன்னு செக். ஜிசிசி (கெர்னலை பில்ட் பண்ற கம்பைலர்) பாத்துச்சு, மேலயே உள்ள போயிட்டான், அப்ப இது நல்-ஆ இருக்க முடியாது, செக் வேஸ்ட், தூக்கு. சோர்ஸ்ல செக் இருக்கு, பைனரில இல்ல! சாதாரணமா நல்-ஐத் தொட்டா ஊப்ஸ் வந்து நிக்கும், அவ்வளவுதான் சேதம். ஆனா தாக்குறவன் அட்ரஸ் ஜீரோவுலயே ஒரு பக்கத்தை மேப் பண்ண வழி கண்டுபிடிச்சிட்டா தொடுறப்ப ஊப்ஸும் வராது, காப்பாத்த வேண்டிய செக்கும் இல்ல, நேரா ரூட், அதாவது மெஷினோட முழு அதிகாரம். பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடற பிராட் ஸ்பெங்லர் 2.6.30 கெர்னல்ல இதை வச்சு எக்ஸ்ப்ளாய்ட் (தாக்குற புரோகிராம்) எழுதிக் காட்டினார், அந்த ஓட்டைக்கு சிவிஇ-2009-1897ன்னு பதிவு நம்பரும் குடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் நோ-டிலீட்-நல்-பாய்ன்டர்-செக்ஸ்ங்கற ஃப்ளாக் கெர்னல் மேக்ஃபைல்ல ஏறிச்சு.

இப்ப ஃப்ரெண்டு பிரேக்னு சொன்னாரே, அதுல ஒண்ணு இது. நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங், நோ-ஸ்ட்ரிக்ட்-ஓவர்ஃப்ளோ எல்லாம் இதே ஜாதிதான். கெர்னல் எழுதறவங்க ஸ்டாண்டர்டு சி எழுதறதில்ல, "இந்த ஃப்ளாக் எல்லாம் போட்ட சி"ன்னு தனியா ஒரு பாஷைல எழுதறாங்க. ஃப்ளாக் தூக்கினா கோடு அதேதான் இருக்கும், ஆனா அர்த்தம் மாறிடும். கூட்டிப் பாத்து சின்னதா வந்தா நிரம்பிருச்சுன்னு ஒரு செக் எழுதிருப்பாங்க, ஃப்ளாக் இல்லேன்னா கம்பைலர் அது நடக்கவே நடக்காதுன்னு அந்த செக்கையே கடாசிடும்.

சரி, ஓ3 வந்தா ஏன் புதுசா விழுது? ஓ3 பெரும்பாலும் புதுசா தப்பு பண்றதில்ல, இன்னும் நிறைய ஃபங்ஷன்களை இன்லைன் பண்ணி, அதாவது கூப்பிடற இடத்துலயே கொட்டி, ஒண்ணா சேக்குது. தனித்தனியா இருந்தவரைக்கும் ஒரு ஃபங்ஷனுக்கு அடுத்ததுல என்ன நடக்குதுன்னு தெரியாது, அதனால பயந்து பயந்து மெமரிலேர்ந்து திரும்பத் திரும்பப் படிக்கும். ஒண்ணா சேத்துட்டா முழுசும் தெரியும், தைரியம் வந்துரும். ஒரு பையன்கிட்ட "வாசல்ல நின்னு பள்ளத்தூர் டவுன் பஸ் வருதான்னு பாத்துக்கிட்டே இரு, வந்தா சொல்லு"ன்னு விட்டோம்னு வை. பையன் ஒரு தடவை எட்டிப் பாத்தான், பஸ் இல்ல. தெருவுல நான் எதையும் மாத்தல, அப்ப பஸ் எப்படி வரும், வராதுன்னு முடிவு பண்ணி உள்ள வந்து படுத்துட்டான். ஒரு வேரியபிள் மாறுற வரைக்கும் லூப் சுத்தணும்னு எழுதினா கம்பைலர் இதைத்தான் பண்ணும். ஒரே ஒரு தடவை படிச்சு ரெஜிஸ்டர்ல (சிபியுக்குள்ளயே இருக்கற சின்ன இடம்) வச்சுக்கிட்டு காலம் பூரா சுத்தும். இன்னொரு சிபியுவோ இன்டரப்டோ (டைமர், கீபோர்டு மாதிரி ஹார்ட்வேர் நடுவுல குறுக்கிடறது) அதை மாத்தும்னு அதுக்கு யாரும் சொல்லல. அதைச் சொல்றதுக்குத்தான் ரீட்-ஒன்ஸ், ரைட்-ஒன்ஸ், பேரியர்னு மேக்ரோ எல்லாம் இருக்கு. மெயின் கெர்னல் ட்ரீல இருக்கற கோட்ல இதை நிறைய கண்ணு பாத்திருக்கும், வெளிய கிடைக்கற டிரைவர்ல பல நேரம் இருக்காது. லூப்புக்குள்ள வெளி ஃபங்ஷன் ஒண்ணைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தவரைக்கும் தப்பிச்சிருக்கும், அதை இன்லைன் பண்ணின உடனே மாட்டிக்கும். நீ "மெஷின் உறையுது"ன்னு சொன்னியே, எனக்கு முதல் சந்தேகம் இந்தப் பக்கம்தான், ஏன்னா உன் டிஎம்எஸ்ஜில (கெர்னல் லாக்) யூஎஸ்பி வைஃபை டிரைவர் ஒண்ணு வெளிலேர்ந்து பில்ட் பண்ணி ஏத்தினதா தெரியுது. மேக்ஃபைல்ல நீ மாத்தின ஓ3, அந்த ட்ரீய வச்சு பில்ட் பண்ற வெளி மாட்யூலுக்கும் சேத்துத்தான் போகும், மறந்துடாத.

இப்ப நிஜ கம்பைலர் தப்புக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா, பிடிச்சதுன்னா அடி வாங்கின ஏரியா.

ஃபங்ஷன்களோட தற்காலிக மெமரிதான் ஸ்டாக், அது எது வரைக்கும் நிரம்பியிருக்குன்னு காட்டறது ஸ்டாக் பாய்ன்டர். சாதாரண புரோகிராம்ல அந்த பாய்ன்டருக்குக் கீழ கொஞ்ச இடத்துல எதையாவது வச்சாலும் பெரும்பாலும் யாரும் தொட மாட்டாங்க. 64 பிட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிபியு) லினக்ஸ்ல அதை ரூலாவே வச்சிருக்காங்க, ஸ்டாக் பாய்ன்டருக்குக் கீழ 128 பைட் ரெட் ஸோன், கேக்காமயே யூஸ் பண்ணிக்கலாம். கெர்னல்ல அந்தக் கதை நடக்காது. கெர்னல் ஓடிக்கிட்டு இருக்கறப்ப இன்டரப்ட் வந்தா சிபியு அதே ஸ்டாக்ல, பாய்ன்டர் எங்க நிக்குதோ அங்கேர்ந்தே, அஞ்சு ரெஜிஸ்டரைத் தள்ளும். நாப்பது பைட். அங்க நீ எதை வச்சிருந்தாலும் போச்சு. திண்ணைல யாரும் இல்லியேன்னு பையை வச்சுட்டு உள்ள போனா, வந்தவங்க அதைத் தள்ளிட்டு உக்காருவாங்களா மாட்டாங்களா? அதனாலதான் கெர்னலை நோ-ரெட்-ஸோன் போட்டு பில்ட் பண்றாங்க. சொந்தமா குட்டி ஓஎஸ் எழுதிப் பாக்கற காலேஜ் பசங்க எல்லாரும் ஒரு தடவையாவது இந்த ஃப்ளாகை மறந்து, டைமர் இன்டரப்டை ஆன் பண்ணினதும் வேரியபிள் தன்னால மாறுதேன்னு ராத்திரி பூரா முழிச்சிருப்பாங்க.

கம்பைலருக்கே இந்த ரூல் சறுக்கின கதைதான் அடுத்தது. இன்ஸ்ட்ரக்ஷன்களை முன்ன பின்ன மாத்திப் போட்டு வேகம் எடுக்கறது ஆப்டிமைசரோட வேலை. ஃபங்ஷன் முடியறப்ப ஸ்டாக் பாய்ன்டரை மேல ஏத்தி இடத்தை விடணும், அதுக்கு முன்னாடி உள்ள இருக்கற மதிப்பைப் படிச்சுக்கணும். இந்த ரெண்டையும் வரிசை மாத்திட்டா, நடுவுல ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் அளவு சந்து. அந்தச் சந்துல இன்டரப்ட் வந்தா படிக்கறது குப்பை. வரலேன்னா எல்லாம் சரி. யூசர் புரோகிராம்ல சிக்னல் வந்தாத்தான் மாட்டும், அது எப்பவோ ஒரு தடவை. கெர்னலுக்கோ செகண்டுக்கு நூத்துக்கணக்குல இன்டரப்ட்.

32 பிட் ஏஆர்எம்ல (மொபைல், சின்ன போர்டுகள்ல வர்ற சிபியு) ஜிசிசி 4.8.0லேர்ந்து 4.8.2 வரைக்கும் இந்தத் தப்பு இருந்துச்சு. பேஜ் கேஷ்ல (டிஸ்க் டேட்டாவை ரேம்ல வச்சிருக்கற இடம்) பக்கத்தைத் தேடி எடுக்கற ஃபங்ஷன் தப்பா கம்பைல் ஆகி, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டமே கெட்டுப் போச்சு. 2014ல கெர்னல்ல ஒரு செக் போட்டாங்க, அந்த வெர்ஷன் கம்பைலரா இருந்தா பில்டே ஆகாது, எரர் அடிச்சு நின்னுடும்.

நான் மாட்டினது இதுலதான். 2015ல காரைக்குடிலேர்ந்து போய் வந்து ஒரு சின்ன கம்பெனில வேலை, பேரெல்லாம் வேணாம். தோட்டத்து போர் மோட்டாரை மொபைல்ல ஆன் ஆஃப் பண்ற மாதிரி ஒரு ஏஆர்எம் போர்டு. குன்றக்குடி, கல்லல் பக்கம் பத்துப் பதினஞ்சு தோட்டத்துல மாட்டி விட்டோம். வாரத்துக்கு ரெண்டு போர்டாவது ஃபைல் சிஸ்டம் கெட்டு பூட் ஆகாம நிக்கும். எங்க ஊருப் பக்கம் கரன்ட் நிலைமை தெரியும்ல, எல்லாரும் ஒரே குரல்ல கரன்ட் கட்டுதான் காரணம்னு முடிவு பண்ணிட்டோம், யாருக்குமே வேற எண்ணமே வரல. எஸ்டி கார்டை மாத்தினோம், பேட்டரி வச்சோம், கப்பாசிட்டர் பெருசாக்கினோம், வெயில்ல பைக்க எடுத்துக்கிட்டு தோட்டம் தோட்டமா அலைஞ்சது நான். மூணு மாசம் போச்சு. கடைசில ஆபீஸ் மேஜைல கரன்டே போகாம வச்சிருந்த போர்டும் கெட்டுப் போனப்பத்தான் புத்தி வந்துச்சு. போர்டு குடுத்தவங்க கூடவே குடுத்த கம்பைலர் 4.8.1, அவங்க குடுத்த கெர்னல் சோர்ஸோ பழசு, அந்த எரர் செக் அதுல இல்ல. டிஸ்அசெம்பிள் பண்ணி, அதாவது பைனரிய திரும்ப இன்ஸ்ட்ரக்ஷனா பிரிச்சுப் பாத்தா, ஸ்டாக்கை விட்டதுக்கு அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன்ல அதுலேர்ந்தே படிக்குது. கம்பைலர மட்டும் மாத்தினோம், சோர்ஸ்ல ஒரு எழுத்து கூட மாத்தல, நின்னு போச்சு. வாங்கின பேட்டரி எல்லாம் இன்னும் எங்கயோ கிடக்கு.

அதே குடும்பத்துல இன்னொண்ணு எக்ஸ்86ல, 2014 ஜூலை. ஷெட்யூலர்ல (எந்த புரோகிராம் எப்ப ஓடணும்னு முடிவு பண்ற பகுதி) லோட்-பேலன்ஸ்ங்கற ஃபங்ஷன்ல காரணமே தெரியாம ஊப்ஸ் வருதுன்னு சில பேர் சொன்னாங்க. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் அசெம்பிளிய எடுத்துப் பாத்தா, ஜிசிசி 4.9.0 ஸ்டாக்ல இடம் ஒதுக்கறதுக்கு முன்னாடியே அந்த இடத்துல ஒரு மதிப்பை எழுதி வைக்குது. நோ-ரெட்-ஸோன்னு சொல்லியும்! வழக்கம்போல வெளுத்து வாங்கிட்டார். இதுல வேடிக்கை என்னன்னா, டீபக் இன்ஃபர்மேஷன் (தப்பு தேடறதுக்கான தகவல், அதுக்கு ஃப்ளாக் மைனஸ் ஜி) சேத்து பில்ட் பண்ணினாத்தான் இந்தத் தப்பு வரும். மைனஸ் ஜி போட்டா கோட் மாறவே கூடாதுங்கறது கம்பைலரோட அடிப்படை வாக்குறுதி, அதுவே மாறிப் போச்சு. டீபக் தகவலைக் கணக்கு வைக்கற ஒரு அம்சத்தை ஃப்ளாக் போட்டு அணைச்சு சமாளிச்சாங்க. அப்புறம் 64 பிட் ஏஆர்எம்லயும் பழைய ஜிசிசில இதே ஜாதி தப்பு, எக்ஸ்ட்4 செக்சம் எரரா தலை காட்டிச்சு, 2021 ஜனவரில அந்த ஆர்க்கிடெக்சருக்கு குறைஞ்சது ஜிசிசி 5.1 வேணும்னு ஏத்திட்டாங்க. மூணு தடவை, மூணு வேற இடம், சந்து ஒண்ணுதான். கவனிச்சியா, இதுல எதுவுமே ஓ3 இல்ல. எல்லாம் வழக்கமான ஓ2 பில்டுலயே வந்தது.

எல்லாப் பழியும் கம்பைலருக்கே போட்டுடக் கூடாதுங்கறதுக்கு ஒண்ணு. ஏஆர்எம் கெர்னல்ல மெம்செட்டை (மெமரிய ஒரே மதிப்பால நிரப்பற ஃபங்ஷன்) கையால அசெம்பிளில எழுதி வச்சிருந்தாங்க. மெம்செட் தனக்குக் குடுத்த பாய்ன்டரைத் திருப்பிக் குடுக்கணும்ங்கறது ஸ்டாண்டர்டு, இவங்க குடுக்கல, யாரும் வாங்கியும் பாக்கல, வருஷக்கணக்கா ஓடிச்சு. ஜிசிசி 4.7 வந்ததும் "திரும்பி வர்றது அதே பாய்ன்டர்தானே"ன்னு அதை எடுத்து யூஸ் பண்ண ஆரம்பிச்சிருச்சு, கெர்னல் விழுந்துச்சு. 2013ல மெம்செட்டைத்தான் திருத்தினாங்க. அது நியாயமும் கூட.

ஸ்டாக் விஷயத்துல இன்னொண்ணு விட்டுட்டேன். யூசர் புரோகிராமுக்கு 8 எம்பி ஸ்டாக் கிடைக்கும், கெர்னல்ல எக்ஸ்86 64 பிட்டுக்கு வெறும் 16 கேபி. அதுவும் 2014ல 3.15லேர்ந்துதான், அதுக்கு முன்னாடி 8 கேபி. ஓ3ல இன்லைன் கூடக் கூட ஒரு ஃபங்ஷனுக்குள்ள பத்து ஃபங்ஷனோட லோக்கல் வேரியபிள் வந்து குந்திக்கும், ஃப்ரேம் (அந்த ஃபங்ஷன் ஸ்டாக்ல பிடிக்கற இடம்) பெருத்துடும். ஃபைல் சிஸ்டம், அதுக்குக் கீழ பல டிஸ்கை ஒண்ணா சேக்கற ரெய்டு, அதுக்குக் கீழ டிரைவர்னு ஆழமாப் போற பாதைல வழிஞ்சா, ஊப்ஸ் வேற வேற இடத்துல வரும். உன் கேஸ்ல வேற வேற இடத்துலதான் வருது. விமேப்-ஸ்டாக் கான்ஃபிக் ஆன்ல இருந்தா வழிஞ்ச உடனே கையும் களவுமா பிடிச்சு சொல்லிடும், இல்லேன்னா பக்கத்து மெமரிய சத்தமில்லாம அழிச்சிட்டுப் போயிரும். அது ஆன்ல இருக்கான்னு பாரு. பில்ட் ஆகறப்ப ஃப்ரேம் பெருசுன்னு வார்னிங் வந்ததான்னும் பாரு, வார்னிங் எல்லாம் நீ படிச்சிருக்க மாட்டேன்னு தெரியும்.

மார்ச்-நேட்டிவ் பத்தி சின்னதா. அது மட்டுமா கெர்னலை விழ வைக்காது, அதே மெஷின்ல ஓடற வரைக்கும். டிஸ்கைக் கழட்டி வேற பழைய பெட்டில மாட்டினா தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன்னு பூட்லயே செத்துடும், அவ்வளவுதான். பெரிய லாபமும் இல்ல, ஏன்னா எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ்னு பெரிய ரெஜிஸ்டர்ல பல எண்ணை ஒரே நேரத்துல கணக்குப் போடற (வெக்டர்) இன்ஸ்ட்ரக்ஷன்கள் எல்லாத்தையும் கெர்னல் தானே நோ போட்டு அணைச்சு வச்சிருக்கு. உன் ஃப்ரெண்டு கை வைக்க ஆசைப்படறது அங்கதான்னு நெனைக்கிறேன். கெர்னலுக்குள்ள நுழையறப்ப அந்தப் பெரிய ரெஜிஸ்டர்களை எடுத்து பத்திரப்படுத்தறதில்ல, நேரம் ஆகும்னு அப்படியே யூசர் புரோகிராமோட மதிப்போட விட்டுடுவாங்க. வேணும்ங்கற இடத்துல மட்டும் கெர்னல்-எஃப்பியு-பிகின், எண்ட்னு சொல்லிட்டு யூஸ் பண்ணுவாங்க. நீ அந்த நோவைத் தூக்கினா, கம்பைலர் ஏதோ ஒரு லூப்பை வெக்டராக்கி அந்த ரெஜிஸ்டர்ல எழுதிடும். ஜிசிசி 12லேர்ந்து ஓ2லயே வெக்டராக்கம் உண்டு. கெர்னல் விழாது, ஊப்ஸ் வராது, ஒரு சத்தமும் இருக்காது. ஆனா அந்த நேரம் கணக்கு போட்டுக்கிட்டு இருந்த புரோகிராமோட தசமப் புள்ளி எண்கள் மாறிப் போயிருக்கும். அப்பச்சி கடைக் கணக்கை அந்த மெஷின்ல போடறதா சொன்னியே, யோசிச்சுக்கோ.

ஓ0 போட்டு டீபக் பண்ணலாமான்னு அடுத்து கேப்ப, முடியாது. கெர்னல் கோட் இன்லைனையும், தேவையில்லாத கோட் தூக்கப்படறதையும் நம்பித்தான் எழுதிருக்கு, ஓ0ல லிங்க்கே ஆகாது. ஓ2வும், சைஸைக் குறைக்கற மைனஸ் ஓ-எஸ்ங்கற ஃப்ளாகும்தான் கான்ஃபிக்ல இருக்கு. ஓ3யை ஏஆர்சிங்கற சிபியு வகைக்கு மட்டும் கான்ஃபிக்ல விட்டு வச்சிருந்தாங்க, 2022ல எல்லாத்துக்கும் திறந்து விடலாம்னு கேட்டப்ப லினஸ் ஒத்துக்கல. பழைய தப்புகளையும், கோட் பெருத்து கேஷ்ல இடிக்கறதையும் நெனைச்சுப் பாத்தா எனக்கும் அவர் சொன்னதுதான் சரின்னு படுது. கெர்னல் நேரம் நிறைய மெமரிக்குக் காத்துக்கிட்டு இருக்கறதுல போகுது, லூப்பை விரிச்சு அங்க என்னத்த மிச்சம் பிடிக்கப் போற.

சரி, உன் பெட்டி. முதல்ல ரேமை சோதிக்கற மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க ஓட விடு, சிரிக்காத. பழைய காலத்துலயே கெர்னல் பில்ட் பண்றப்ப ஜிசிசி சிக்னல் 11 அடிச்சு செத்தா ரேமைப் பாருன்னுதான் சொல்லுவாங்க. ஊப்ஸ் இடம் மாறி மாறி வர்றது ரேம் தப்புக்கும் பொருந்தும், உங்க வீட்டுப் பட்டாலைல சுண்ணாம்பு தூசிக்குள்ள சித்திரை வெயில்ல ஓடற பழைய பெட்டி வேற. ரெண்டாவது, ஓ3 கெர்னலையே பூட் பண்ணி வைஃபை மாட்யூல மட்டும் ஏத்தாம கேபிள் போட்டு நாலு நாள் விடு, ஏன்னா ஓ2லயும் நாலு நாள்தான் பாத்திருக்க. ப்ராக்ல (கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டற இடம்) டெயின்டட் நம்பர் என்ன காட்டுதுன்னு பாரு, 4096 அதுல சேர்ந்திருந்தா வெளி மாட்யூல் உள்ள இருக்குன்னு அர்த்தம். மாட்யூல் இல்லாம விழலேன்னா குற்றவாளி அதுதான். அப்ப டிரைவர் மேக்ஃபைல்ல ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்கும் தனியா ஃப்ளாக் குடுக்கலாம், பாதி ஃபைலுக்கு ஓ2, பாதிக்கு ஓ3ன்னு போட்டு, விழுற பாதியை திரும்பப் பாதியாக்கிக்கிட்டே போனா அஞ்சாறு பில்டுல ஒரே ஃபைல்ல வந்து நிக்கும். மாட்யூல் இல்லாமயும் விழுந்தா கேஏசேன், யூபிசேன்னு தப்பைக் கண்டுபிடிக்கற கான்ஃபிக் ரெண்டையும் ஆன் பண்ணி ஒரு கெர்னல் பில்ட் பண்ணு, ஆமை வேகம்தான், ஆனா எந்த வரின்னு சொல்லும். உறையறப்ப ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது, அதனால நெட்கன்சோல் போட்டு லாக் பக்கத்து லேப்டாப்புக்குப் போற மாதிரி வச்சுக்கோ.

அந்த ஃபைல் எதுன்னு தெரிஞ்சதும் அதையும், ப்ராக் வெர்ஷன்ல காட்டற ஜிசிசி நம்பரையும் அனுப்பு. ஞாயித்துக்கிழமை நான் காரைக்குடில வீட்லதான் இருப்பேன், டிஸ்அசெம்பிள் பண்ணி சேந்தே பாத்துடலாம்.